தோத்த நாள் பேப்பர்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கோடையிலை, லண்டன் முழுக்கத் தேடினாலும், ஒவ்வொரு நாள் காலமையும் பேஸ்போலைப் பற்றிக் கதைச்ச ஆக்கள் ரெண்டு பேர்தான் இருந்திருப்பினம். ஒருத்தர் ஒரு ஜப்பான்காரர். மற்றவன் நான். எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

அப்ப நான் வெஸ்ட் ஈலிங் பக்கம் ஒரு பேப்பர்க் கடையிலை நிண்டனான். முதலாளி கென்யாவிலை இருந்து வந்த குஜராத்தி மனிசன். விடிய வந்து கதவைத் திறந்து, வாசலிலை போட்டிருக்கிற பேப்பர்க் கட்டுகளை அவிழ்த்துத் தட்டிலை அடுக்கிறது என்ர வேலை. இங்கிலீசுப் பேப்பர் எல்லாம் முன் தட்டிலை இருக்கும். உலகத்திலை மிச்சமுள்ள ஆக்களுக்குக் கதவுக்குப் பின்னாலை ஒரு கம்பித் தட்டு. அந்தப் பக்கத்திலை ஜப்பான் குடும்பங்கள் கனக்க இருந்தபடியாலை அவையின்ர பேப்பர் ஒரு சின்னக் கட்டு நாளாந்தம் வரும். வெள்ளிக்கிழமையிலை எங்கட தமிழ் வாரப் பேப்பரும் வரும். ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைப்பன்.

அந்த ஜப்பான்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். குடும்பத்தை ஊரிலை விட்டிட்டு, கம்பெனி அனுப்பினதெண்டு தனிய வந்து இருந்தவர். காலமை ஏழு மணிக்கு வருவார். சாம்பல் நிறக் கோட்டு, ஒரு தோல் பை. பேப்பரை எடுப்பார், காசை வைப்பார், தலையைக் குனிவார், போயிடுவார். ஒரு வருசமா எங்களுக்குள்ளை குட் மோர்னிங்கைத் தவிர வேறை கதை இல்லை.

அந்த வருசம் மே மாசத்திலை ஒரு நாள் ஆள் போகேல்லை. கவுண்டருக்கு முன்னாலையே பேப்பரை விரிச்சு வைச்சுக்கொண்டு நிண்டார். பின்னாலை பால் வாங்க வந்த மனிசி தள்ளிப் போகச் சொல்லி இருமுது, இவருக்குக் காது கேக்கேல்லை. நிமிர்ந்து பாத்தார், முகமெல்லாம் சிரிப்பு. பேப்பரை என்ர பக்கம் திருப்பி, அரைப் பக்கத்துக்கு நிறைஞ்சிருந்த ஒரு ஆளின்ர படத்தைக் காட்டினார்.

அவர் பேஸ்போலிலை பந்து எறியிறவராம். போன மாரியிலை சொந்த நாட்டுக் குழுவை விட்டிட்டு அமெரிக்காவுக்குப் போனவராம். போகேக்கை ஊர்ப் பேப்பர்கள் கண்டபடி திட்டினவையாம். வளர்த்த குழுவை உதறிப்போட்டுப் போற நன்றி கெட்டவன் எண்டு எழுதினவையாம். இப்ப அவர் அங்கை எறியிற பந்துக்கு அமெரிக்காக்காரர் முழிக்கினம் எண்டவுடனை, அவர் காலமை என்ன சாப்பிட்டவர் எண்டது வரைக்கும் எழுதுகினமாம்.

“திட்டின அதே பேப்பரோ?” எண்டு கேட்டன்.

“அதே பேப்பர்,” எண்டார். கொஞ்சம் யோசிச்சிட்டு, “எழுதினதும் அதே ஆளாக இருக்கும்,” எண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. கனகாலத்துக்குப் பிறகு ஒரு மனிசரோடை சேந்து சிரிச்சது அண்டைக்குத்தான். சும்மா சொல்லேல்லை, எனக்கு அது ஞாபகம் இருக்கு.

என்ர சீவியம் அப்ப அப்பிடி. ஒரு லோண்டரிக்கு மேலை ஒற்றை அறை. கீழை மெசின் சுத்தினால் மேலை கட்டில் நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்காமலே பொழுது போயிடும். திங்கக்கிழமை காலமை கடையிலை குட் மோர்னிங் எண்டு சொல்லேக்கை என்ர குரல் எனக்கே புதுசாக் கேக்கும். நடந்து போற தூரத்திலை எங்கட அம்மன் கோயில் இருந்தது. ரெயினர்ஸ் லேனிலை ஊர்ச்சனம் கனபேர் இருந்தவை. நான் ஒரு இடமும் போறேல்லை. கலியாணக் காட் வந்தால் காய்ச்சல் எண்டு சொல்லிப்போடுவன்.

அதுக்குக் காரணம் ஒரு பேப்பர்த் துண்டு. என்ர பேர்சுக்குள்ளை நாலாய் மடிச்சுக் கிடந்தது.

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின்ர நடுவிலை, கணக்காளராகப் படிக்க. பகல் படிப்பு, பின்னேரம் பெற்றோல் ஷெட்டிலை ஷிப்ட். ஒவ்வொரு சோதினையையும் ரெண்டு தரம், மூண்டு தரம் எழுதி இழுத்துக்கொண்டு போய், கடைசிச் சோதினையிலை சித்தியடைய ஏலாமல் குந்தீட்டன். கடைசித் தரம் எழுதிப்போட்டு அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டனான். “இறுதிச் சோதினை முடிஞ்சுது, நல்லாச் செய்திருக்கிறன்” எண்டு. அது பொய்யில்லை. அண்டைக்கு எனக்கு அப்பிடித்தான் பட்டது. அந்தக் கடிதம் ஊருக்குப் போய்ச் சேர ரெண்டு மாசம். அதுக்குள்ளை முடிவு வந்து நான் தோத்துப் போனன். அதை நான் எழுதேல்லை. நாளைக்கு எழுதுவம், அடுத்த கிழமை எழுதுவம் எண்டு கிடந்தன்.

அப்பா காத்துக்கொண்டிருந்திருப்பார். பிறகு நல்லாச் செய்தவன் எண்டால் சித்தியடைஞ்சிருப்பான்தான் எண்டு தானே முடிவெடுத்திட்டார். எங்கட ஆக்கள் சந்தோசம் வந்தால் வாயாலை சொல்லிக்கொண்டு திரியிறேல்லை, பேப்பரிலை போடுவினம். “வாழ்த்துகிறோம்” எண்டு கொட்டை எழுத்திலை, கீழை படம், பட்டம், ஊர். யாழ்ப்பாணத்திலை அப்ப சண்டையாலை கரண்ட் இல்லை, போன் இல்லை, பேப்பர் அடிக்கத் தாளும் இல்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலைதான் அடிச்சவங்கள். தங்கச்சி அந்தத் துண்டை வெட்டி எனக்கு அனுப்பியிருந்தாள். சிநேகிதன்ர கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பாங்குக்கு முன்னாலை நிண்டு நான் எடுத்து அனுப்பின படம். என்ர மூஞ்சைக்குக் குறுக்காலை கொப்பியின்ர நீலக் கோடுகள்.

அப்பாவைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். ஆள் இளைப்பாறின தபாலதிபர். பேப்பரைச் சிவப்புப் பென்சிலோடைதான் வாசிப்பார். ஒரு தேதி பிழைச்சிருந்தாலும் கோடு கீறி, சைக்கிளை எடுத்துக்கொண்டு பேப்பர்க் கந்தோருக்கே போயிடுவார், “தம்பி, இது பிழை, நாளைக்குத் திருத்தம் போடுங்கோ” எண்டு. அவங்கள் அவரைத் தூரத்திலை கண்டாலே ஒளிச்சிடுவாங்களாம். அப்பிடிப்பட்ட மனிசன், சீவியத்திலை பேப்பரிலை தானாகப் போட்ட ஒரே ஒரு அறிவித்தல் என்னுடையது. அதுவும் முழுப் பிழை.

லண்டனிலை இருந்த ஊர்ச்சனத்துக்கும் அந்தத் துண்டு எப்பிடியோ வந்து சேந்திட்டுது. பிறகு என்ன, கண்ட இடத்திலை வாழ்த்து. வீட்டுக் கடன் எடுக்கிறதுக்கு யோசினை கேப்பினம், வருமான வரிக் கடிதத்தைக் கொண்டு வருவினம். நாலு வருசம் நான் ஆக்களைக் காணாமல் ஒளிச்சுத் திரிஞ்சனான்.

ஜப்பான்காரரோடை கதைக்கிறது சுகமா இருந்ததுக்கு அதுதான் காரணம். அவருக்கு என்னைத் தெரியாது. ஒரு நாள் கடையின்ர கடதாசிப் பையிலை ரெண்டு எழுத்துக் கீறிக் காட்டினார். ஒண்டு வெற்றி, மற்றது தோல்வி. அண்டையிலை இருந்து கட்டை அவிழ்க்கேக்கை அந்த ரெண்டையும் தேடுவன். அவர் கதவைத் திறக்க முதலே, “இண்டைக்கு வெற்றி” எண்டு சொல்லுவன். மனிசன் கோட்டோடை ஒருக்கால் குனிஞ்சு நிமிருவார்.

தோத்த நாளிலை ஒரு விசயத்தைக் கவனிச்சன். அண்டைக்கும் படம் அதே அரைப்பக்கம். தோல்வி எண்ட எழுத்து மட்டும் எங்கேயோ ஒரு மூலையிலை, எறும்பு மாதிரி. என்ன எழுதியிருக்கினம் எண்டு கேட்டன்.

“அவர் நல்லாத்தான் எறிஞ்சார். மற்றவர்கள் அடிக்கவில்லை. அப்படி எழுதியிருக்கிறார்கள்.”

“உண்மையோ?”

“அவரும் நல்லா எறியவில்லை,” எண்டார், ரகசியம் சொல்லுற மாதிரி.

எங்கட நாட்டிலையும் எல்லே எண்டு ஒரு விளையாட்டு இருக்கு, கிட்டத்தட்ட இதுதான், தடியாலை அடிச்சுப்போட்டு ஓடுறது எண்டு சொன்னன். எங்களிலை எறியிறவரும் அடிக்கிறவரின்ர பக்கம்தான், அடிக்கச் சுகமா எறிஞ்சு குடுப்பார் எண்டன். அவர் பையைக் கீழை வைச்சிட்டு யோசிச்சார்.

“அப்படியென்றால் தோற்கவே முடியாதே.”

“தோப்பம்,” எண்டன். “நாங்கள் அதிலையும் தோப்பம்.”

செத்தெம்பர் மாசம் ஒரு நாள் நல்ல மழை, கடையிலை ஒருத்தரும் இல்லை. அண்டைக்கும் அவரின்ர ஆள் தோல்வி. என்ன வந்துதோ தெரியாது, பேர்சுக்குள்ளை கிடந்த துண்டை எடுத்து அவருக்கு முன்னாலை விரிச்சன். இதுதான் என்ர ஊர்ப் பேப்பர், இது நான், இதிலை போட்டிருக்கிறது பொய் எண்டு முழுக்கதையையும் சொன்னன். என்ர சீவியத்திலை அதை முதல் முதல் கேட்ட ஆள் அவர்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிப்போட்டு அந்தக் கோடு விழுந்த முகத்தைக் கனநேரம் பாத்தார். நல்ல படம் எண்டார். பிறகு தன்ர பேப்பரை மடிச்சுக்கொண்டு சொன்னார்: “தோற்ற நாளிலும் நான் வாங்குகிறேன். அன்றைக்குத்தான் இரண்டு தரம் வாசிப்பேன். உங்கள் அப்பாவுக்கு வாசிக்க ஒன்றும் வரவில்லை.”

எனக்குக் கொதி வந்திட்டுது. நீ ஆர் ஐசே எனக்குப் புத்தி சொல்ல எண்டு வாய்க்குள்ளை வந்தது, விழுங்கிப்போட்டன். ஆனா அண்டைக்குப் பின்னேரம் லோண்டரியிலை உடுப்பு சுத்திக்கொண்டிருக்கேக்கை, அங்கை போட்டிருந்த நீட்டு வாங்கிலை குந்தியிருந்து எழுதினன். அப்பா, நான் சித்தியடையேல்லை, நாலு வருசமாப் பேப்பர்க் கடையிலை வேலை செய்யிறன், என்னை மன்னியுங்கோ எண்டு. அரைப் பக்கம்தான் வந்தது. கொழும்பிலை ஒரு சொந்தக்காரர் மூலமாப் போறதுக்கு அண்டைக்கே தபாலிலை போட்டன். விட்டால் கிழிச்சுப்போடுவன் எண்டு எனக்கு என்னைத் தெரியும்.

அடுத்த மாசக் கடைசியிலை, ஆமி கிட்ட வர, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. ஊரோடை சனம் எழும்பி, மழைக்குள்ளை, ஒரே ரோட்டாலை, ஒரே இரவிலை வெளிக்கிட்டுது எண்டு தமிழ் வானொலி சொன்னது. அடுத்த நாள் காலமை கடையிலை வந்த அத்தனை இங்கிலீசுப் பேப்பரையும் பக்கம் பக்கமாப் பிரட்டினன். ஒண்டிலை உள்ளுக்குள்ளை ஒரு சின்னப் பெட்டி. மற்றதுகளிலை அதுவும் இல்லை. ஜப்பான் பேப்பரிலை அரைப்பக்கம் படம் இருந்தது. விளையாட்டுக் காலம் முடிஞ்சும், அந்த ஆள் ஏதோ ஒரு விமான நிலையத்திலை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போறார். எனக்கு அந்த மனிசனிலை ஒரு கோபமும் இல்லை. ஆனா அண்டைக்கு அந்தப் படத்தை என்னாலை பாக்க ஏலாமல் இருந்தது. கட்டைக் கவிழ்த்து வைச்சன்.

அப்பா உயிரோடை இருக்கிறாரோ எண்டது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒண்டு இருந்தது, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். அந்தக் கடிதம் போய்ச் சேந்திருக்கக் கூடாது எண்டு நேந்தனான். வீட்டைப் பூட்டிப்போட்டு மழைக்குள்ளை நடக்கிற கிழவனுக்கு, மகனைப் பற்றித் தெரிஞ்ச கடைசிச் செய்தி அதுவா இருக்கக் கூடாது. பொய்யோடையே நடந்து போகட்டும், கணக்காளன்ர அப்பாவா நடந்து போகட்டும் எண்டு கும்பிட்டன். அந்த மாரி முழுக்க ஜப்பான்காரர் காலமையிலை வந்து, ஒரே ஒரு சொல்லுத்தான் கேப்பார். “கடிதம்?” நான் இல்லையெண்டு தலையை ஆட்டுவன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு போவார். அவர் போன பிறகு எனக்கு அழுகை வரும். புத்தி சொன்ன மனிசனைத் திட்டுவம் எண்டால், அவரை விட்டால் கேக்கிறதுக்கும் ஒருத்தரும் இல்லை.

மாசி மாசம் கடிதம் வந்தது. அப்பாவின்ர கையெழுத்து. நிமிர்ந்த, தபால் கந்தோர்க் கையெழுத்து. கொப்பித் தாளிலை இப்பிடி எழுதியிருந்தார்:

“நாங்கள் வன்னிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். தங்கச்சி சுகம். வீடு எப்படி என்று தெரியாது. உன் கடிதம் நாங்கள் வெளிக்கிடுவதற்கு மூன்று நாள் முன்னர் கிடைத்தது. நீ பிழையாக ஒன்றும் எழுதவில்லை, எழுதாமல் விட்டாய். பிழையை அச்சில் போட்டவன் நான். ஆகவே திருத்தமும் நான்தான் போடவேண்டும். மறுநாளே எழுதிக்கொண்டு பத்திரிகைக் கந்தோருக்குப் போனேன். அவர்கள் மெசினைக் கழட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். ஐயா, இந்த நேரத்திலோ என்று கேட்டார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எழுதிய தாள் மழையில் நனைந்துவிட்டது. கீழே உள்ளது பிரதி. நிலைமை சரிவந்ததும் போடுவேன். படம் வேண்டும், கோட்டுப் போடாமல் ஒன்று எடுத்து அனுப்பு.”

அதுக்குக் கீழை பெட்டி கீறி, நடுவிலை எழுதியிருந்தது:

“திருத்தம். எனது மகன் லண்டனில் கணக்காளர் இறுதிச் சோதனையில் சித்தியடைந்ததாக முன்னர் வெளியான அறிவித்தல் பிழையானது. அவர் அங்கு பத்திரிகைக் கடையொன்றில் வேலை செய்கிறார். சுகமாக இருக்கிறார். தகப்பன்.”

நான் கவுண்டருக்குப் பின்னாலை, சிகரெட் பெட்டியளுக்குக் கீழை குந்தியிருந்து அழுதனான். முதலாளி வந்து பாத்திட்டு ஒண்டும் கேக்காமல் தானே கல்லாவிலை நிண்டார். அண்டைக்குப் பின்னேரம் ஸ்டேசனுக்குப் போய்ப் படமெடுக்கிற பெட்டிக்குள்ளை இருந்து, கடையிலை போடுற நீலச் சுவெட்டரோடை படம் எடுத்து அனுப்பினன். அது கிடைச்சுதோ எண்டு தெரியாது. அதுக்குப் பிறகு அப்பாவிட்டை இருந்து கடிதம் வரேல்லை.

அடுத்த வருசம் தங்கச்சியின்ர கடிதம்தான் வந்தது. அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல், நாலு நாள், ஆசுப்பத்திரியிலை மருந்து இல்லை. செய்தி என்ர கைக்கு வரேக்கை முப்பத்தொராம் நாள் காரியமும் முடிஞ்சுது.

லண்டன் தமிழ் வாரப் பேப்பருக்கு மரண அறிவித்தல் குடுக்க டெலிபோன் எடுத்தன். எடுத்தது ஒரு பெடியன், எங்கட பக்கத்து ஊர். விபரத்தை எழுதிக்கொண்டு வந்தவன், மகன் எண்ட இடத்திலை நிண்டான்.

“அண்ணை, உங்களைத் தெரியும். எக்கவுண்டன் எல்லே. ஊரிலை பேப்பரிலை பாத்தனான், சின்னனிலை. கணக்காளர், லண்டன் எண்டு போடுறன்.”

“அது பிழை தம்பி,” எண்டன். “பேப்பர்க் கடையிலை வேலை எண்டு போடுங்கோ.”

“அப்பிடி ஒருத்தரும் போடுறேல்லை அண்ணை. வேலையை விட்டிட்டு லண்டன் எண்டு மட்டும் போடுவமே?”

“போடுங்கோ. அதோடை பக்கத்திலை ஒரு பெட்டி வேணும். திருத்தம்.”

“மரண அறிவித்தலுக்குப் பக்கத்திலை திருத்தமோ? ஆர் குடுக்கிறது எண்டு போட?”

“தகப்பன்,” எண்டன். அப்பாவின்ர தாளை எடுத்து, ஒரு சொல்லும் மாத்தாமல் வாசிச்சுக் காட்டினன். சுகமாக இருக்கிறார் எண்ட இடத்தை ரெண்டு தரம் வாசிக்க வேண்டி வந்தது. பெடியன் மற்றப் பக்கத்திலை பொறுமையா நிண்டு, திருப்பி வாசிச்சு, சரியோ எண்டு கேட்டான். ஓம், சரி எண்டன்.

அந்த வெள்ளிக்கிழமை கட்டை அவிழ்த்து, தமிழ்ப் பேப்பரைத் தட்டிலை வைச்சன். ஒண்டை விரிச்சுக் கவுண்டரிலை வைச்சிருந்தன். ஏழு மணிக்கு ஜப்பான்காரர் வந்தார். அப்ப அவரின்ர நாட்டிலை இருந்து வேறை எறியிறவங்களும் அமெரிக்காவுக்குப் போகத் துவங்கியிருந்தாங்கள், பேப்பரிலை படமும் கூடியிருந்தது. அண்டைக்கு அவரின்ர பேப்பரிலை என்ன எழுத்து எண்டு நான் பாக்கேல்லை, அவரும் கேக்கேல்லை. கவுண்டரிலை விரிச்சிருந்த மரண அறிவித்தலிலை இருந்த படத்தைப் பாத்தார். “அப்பா?” எண்டார். ஓம் எண்டு தலையை ஆட்டினன். பக்கத்திலை இருந்த பெட்டியிலை விரலை வைச்சு, இது என்ன எண்டு கேட்டார். அப்பா போட்ட திருத்தம் எண்டு சொல்லி, இங்கிலீசிலை சொல்லுக்குச் சொல் சொன்னன்.

அவர் அப்பாவின்ர படத்துக்குத் தலையைக் குனிஞ்சார். பிறகு கதவடிக்குப் போய், கம்பித் தட்டிலை தன்ர பேப்பரை எடுத்தார். பக்கத்திலை இருந்த தமிழ்ப் பேப்பரிலையும் ஒண்டை எடுத்தார். ரெண்டுக்கும் காசை வைச்சிட்டு, ரெண்டையும் ஒண்டா மடிச்சுப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு வேலைக்குப் போனார்.